கிராம சபை மனுவும் நியாய தரிசனமும்: பாலாற்றுக் கிணறுகளை வைத்து ஒரு விவாதம்

பாலாற்றங்கரை:

இந்து தத்துவம் இன்றைய பொதுவாழ்வுக்கு உதவுமா என்று பேச ஆரம்பித்தால் கீதை, கர்மயோகம், தர்மம் என்று நான்கு வார்த்தையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தர்க்க முறையைச் சொல்லும் பழைய நூலான கௌதமரின் நியாய சூத்திரத்தை யாரும் தொடுவதில்லை. சபையில் ஒன்றைச் சொல்லி எப்படி நிலைநாட்டுவது, எதிராளி எங்கே தவறுகிறார், எந்த இடத்தில் தோற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் அதன் முதல் அத்தியாயமும் ஐந்தாம் அத்தியாயமும் வரிசையாகச் சொல்கின்றன. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஆலைக் (டேனரி) கழிவால் கிணறு கெடுகிறது என்று மனுக் கொடுக்கும் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டக்காரர்களுக்கும் இது நேரடியாகப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

மார்ச் 22 உலக தண்ணீர் தினக் கிராம சபைக்கு ஒரு மனுவை ஐந்து உறுப்பு முறையில் எழுதிப் பார்த்தேன். மணிமேகலையின் 29-ஆம் காதையில் இவை பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டுவது), நிகமனம் (முடிவு) என்று வருகின்றன.

பக்கம்: எங்கள் ஊர்க் கிணறுகள் டேனரிக் கழிவால் கெட்டுள்ளன.
ஏது: தண்ணீர் மஞ்சளாகவும் உப்புக் கரித்தும் இருப்பதால்.
திட்டாந்தம்: எங்கெல்லாம் தண்ணீர் மஞ்சளித்துக் கரிக்கிறதோ அங்கெல்லாம் டேனரிக் கழிவு உண்டு, பக்கத்து ஊரைப் போல.
உபநயம்: எங்கள் ஊர்த் தண்ணீரும் அப்படியே.
நிகமனம்: ஆகவே கிணறுகள் டேனரிக் கழிவால் கெட்டவையே.

குறைகளைச் சொல்லுங்கள்.

அளவைநூல்:

ஐயா, அமைப்பு சரி. ஏதுதான் நிற்காது. இது சவ்யபிசாரம், அதாவது தடம் மாறும் ஏது. மஞ்சள் நிறம் இரும்பாலும் வரும். உப்புக் கரிப்பு பாறையின் இயல்பாலும் வரும். டேனரியே இல்லாத ஊரில் இப்படி ஒரு கிணற்றைக் காட்டிவிட்டால் மனு அதோடு விழுந்துவிடும்.

அடுத்தது உபாதி, அதாவது ஒளிந்திருக்கும் நிபந்தனை. "நெருப்பு இருந்தால் புகை இருக்கும்" என்று சொல்லக் கூடாது என்பது நியாயத்தில் பழைய பாடம். ஈர விறகு சேர்ந்தால்தான் புகை வரும். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை கிடையாது. ஈர விறகு அங்கே ஒளிந்திருக்கும் நிபந்தனை. உங்கள் மனுவில் அப்படி ஒளிந்திருப்பவை எவை? கழிப்பறைத் தொட்டிக் கசிவு, உரம், பாறை உப்பு. மூன்றையும் நீங்களே பட்டியலிட்டு நீங்களே விலக்கிக் காட்ட வேண்டும். எதிர்த்தரப்பு கிளப்பட்டும் என்று காத்திருந்தால், அவர்கள் கிளப்பும்போது கூட்டத்துக்கு உங்கள் மேல் சந்தேகம் வந்துவிடும்.

திட்டாந்தமும் பாதிதான் இருக்கிறது. பக்கத்து ஊர் என்பது சபக்ஷம், அதாவது ஏதுவும் முடிவும் சேர்ந்திருக்கும் இடம். விபக்ஷம் எங்கே? டேனரிக் கழிவு எட்டாத, ஆகவே தண்ணீரும் கெடாத கிணற்றையும் காட்ட வேண்டும். அந்த இரண்டாவது வகைக் கிணறு இல்லாத மனுவுக்கு வலு கிடையாது.

உவர்நீர்:

மேலே சொன்னதை அளவில் எப்படிக் கொண்டுவருவது என்று சொல்கிறேன்.

பாலாறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. ஆகவே விபக்ஷக் கிணறுகளை டேனரிக்கு மேற்கே, கழிவு போகும் வாய்க்காலை விட்டு விலகித் தேடுங்கள். ஆழமும் பாறையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். 40 அடித் திறந்த கிணற்றை 400 அடி ஆழ்துளைக் கிணற்றோடு ஒப்பிட்டால் எதுவும் நிரூபணமாகாது. கீழ்ப்பக்கம் 4 அல்லது 5 கிணறு, மேல்பக்கம் குறைந்தது 3. மே மாதம் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு ஜனவரியில் ஒருமுறை. ஒரே தடவை எடுத்தால் "கோடையில் எல்லாக் கிணறும் இப்படித்தான்" என்று சொல்லிவிடுவார்கள்.

மாதிரி எடுக்கும் முன் மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய தண்ணீர் போன பிறகு பிடியுங்கள். கேனை அதே தண்ணீரால் மூன்று முறை அலசுங்கள். குரோமியத்துக்கு ஆய்வகம் தரும் புட்டியில் நைட்ரிக் அமிலம் விட்டிருப்பார்கள். அதை மட்டும் அலசக் கூடாது, அலசினால் முடிவு கெட்டுவிடும். கிணற்றின் இடம், தேதி, நேரம், எடுத்தவர் பெயர் நான்கையும் அங்கேயே புட்டியில் எழுதி ஒட்டுங்கள்.

கேட்க வேண்டிய சோதனைகள்: மொத்தக் கரைதிடம் (டி.டி.எஸ்.), குளோரைடு, சோடியம், கடினத்தன்மை, நைட்ரேட், இரும்பு, மொத்த குரோமியம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை 10500-இன்படி டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2000 வரை. குளோரைடுக்கு 250, அதிகபட்சம் 1000. நைட்ரேட் 45. குரோமியம் 0.05.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. குரோமியத்தை மட்டும் சோதித்து, "இல்லை" என்று வந்தவுடன் வழக்கே போச்சு என்று விட்டுவிடுகிறார்கள். பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். சாதாரணத் தண்ணீரில் அது அதிகம் கரையாது, மண்ணிலும் கசடிலும் படிந்துவிடும். தொலைவு பயணம் செய்வது உப்பு. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வரும், முதல் ஊறல் தண்ணீரிலேயே அதில் பெரும்பகுதி வெளியேறிவிடும். எனவே கிணற்றில் தேட வேண்டிய தடயம் குளோரைடும் சோடியமும்.

உபாதியை விலக்கவும் இதே சோதனை போதும். கழிப்பறைக் கசிவோ உரமோ காரணமென்றால் நைட்ரேட் கூடவே ஏறியிருக்கும். குளோரைடு மிக உயர்ந்து நைட்ரேட் குறைவாக இருந்தால் அந்த வாதம் எடுபடாது. பாறை உப்புதான் காரணம் என்றால் மேல்பக்கக் கிணறுகளும் கரிக்க வேண்டும்.

ஏலகிரி:

இத்தனை தர்க்கம் எதற்குங்க? கடமையைச் செய், பலனை எதிர்பாராதே என்று கீதை சொல்லிவிட்டது. மனுவைக் கொடுப்பது நம் கடமை. நடப்பது அவரவர் வினைப்பயன். உச்ச நீதிமன்றமே மாசு செய்தவர் விலை கொடுக்க வேண்டும் என்று சொன்னதும் வினைப்பயன் கொள்கைதானே?

அளவைநூல்:

மூன்று விஷயத்தை ஒன்றாகக் கலந்துவிட்டீர்கள், பிரித்துப் பார்ப்போம்.

பலனில் பற்று வைக்காதே என்பது இரண்டாம் அத்தியாயம் 47-ஆம் சுலோகம். பலனைக் கணக்கிடாதே என்று அதற்குப் பொருள் எடுக்க முடியாது. பதினெட்டாம் அத்தியாயம் 25-ஆம் சுலோகத்தைப் பாருங்கள். பின்விளைவு, இழப்பு, பிறருக்கு வரும் துன்பம், தன் திறன் இந்த நான்கையும் எண்ணாமல் மயக்கத்தால் தொடங்கும் செயலைக் கீதை தாமசம் (மூன்று குணங்களில் கீழானது) என்கிறது. கழிவுநீரை எங்கே விடுகிறோம் என்று பாராமல் ஆலை நடத்துவது அந்த வகை. சோதனை முடிவில்லாமல் மனுக் கொடுப்பதும் அந்த வகைதான். மூன்றாம் அத்தியாயத்தின் லோகசங்கிரகம், உலகைச் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது, இதைக் கணக்குப் பார்க்காமல் நடக்காது.

வினைப்பயனை இங்கே இழுப்பதுதான் பெரிய ஆபத்து. கொள்கைப்படி வினையின் பயன் செய்தவனுக்கு வரும். கிணறு கெட்டதால் அவதிப்படுகிறவர் கழிவை விட்டவர் அல்ல. அவரிடம் போய் "முன்வினை" என்று சொன்னால் கண்ணெதிரே இருக்கும் காரணத்தை மறைக்கிறோம். வேத வாக்கியங்களுக்குப் பொருள் காணும் மரபான மீமாம்சையில் இதற்கென்றே ஒரு விதி உண்டு: கண்கூடான காரணம் கிடைக்கையில் காணாத காரணத்தைக் கற்பிப்பது முறையன்று. குழாய் தெரிகிறது, வாய்க்கால் தெரிகிறது, உப்பு அளவு தெரிகிறது. அங்கே அதிருஷ்டத்துக்கு, அதாவது காணாத காரணத்துக்கு, இடமே இல்லை.

தீர்ப்புநகல்:

நீதிமன்ற விஷயம். 1996 ஆகஸ்ட் 28-இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அது. நீதிபதி குல்தீப் சிங் எழுதியது. மாசு செய்தவர் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருவதோடு கெட்ட சூழலைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டில் இன்னொன்றும் சொன்னது: தன் தொழில் சூழலுக்குத் தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துகிறவருடையது. 2025 ஜனவரி 30-ஆம் தேதித் தீர்ப்பிலும் பாலாற்று மாசுக்காக அரசு இழப்பீடு கொடுத்து, அதை மாசு செய்தவரிடம் வசூலிக்கச் சொல்லியிருக்கிறது. இவற்றுக்கு அடிப்படை, அரசியல் சாசனத்தின் 21, 47, 48ஏ, 51ஏ(ஜி) பிரிவுகள். வினைப்பயன் தானாக வரும் என்று நீதிமன்றம் காத்திருக்கவில்லை, வரவழைத்தது.

நிரூபிக்கும் பொறுப்பு அவர்கள் மேல் இருக்கும்போது மேலே உவர்நீர் சொன்ன அத்தனை சோதனையும் நாம் ஏன் செய்ய வேண்டும் என்ற கேள்வி வரும். நீதிமன்றத்துக்கு அது பொருந்தும். கிராம சபையில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் டேனரியில் வேலை செய்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குச் சந்தேகம் தீராமல் தீர்மானம் நிறைவேறாது.

சமத்துவம்:

தோழர்களே, ஒரு அடிப்படைக் கேள்வி. இந்தத் தர்க்க சபைக்குள் யாரை விட்டார்கள்? வேதாந்தத்தின் மூல நூலான பிரம்ம சூத்திரம் முதல் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில் அபசூத்ராதிகரணம் இருக்கிறது. சங்கரர் அங்கே சூத்திரருக்கு வேதக் கல்வி உரிமை இல்லை என்றே உரை எழுதுகிறார். பெண்களும் சேரி மக்களும் வாய் திறக்க முடியாத சபையின் விதிகளை இன்றைய கிராம சபைக்கு மாதிரியாகக் காட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஊராட்சியில் பேசும் உரிமை 73-ஆவது அரசியல் சாசனத் திருத்தத்தாலும் 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தாலும் வந்தது. தத்துவம் தரவில்லை.

பாலாற்றங்கரை:

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். உரிமை சட்டத்திலிருந்துதான் வந்தது. அதை மறைத்துத் தத்துவத்துக்குப் பெருமை சேர்ப்பது பொய்யாகிவிடும். நான் எடுக்கச் சொல்வது முறையை மட்டும். அந்த முறையும் ஒரு சாதியின், ஒரு மதத்தின் தனிச்சொத்தாக இருந்ததில்லை. பௌத்தர்களும் சமணர்களும் காண்பதை மட்டும் நம்பும் உலகாயதரும் சேர்ந்து அடித்துத் திருத்தி வளர்த்தது அது. காஞ்சிப் பக்கத்தவர் என்று சொல்லப்படும் பௌத்தத் தர்க்க அறிஞர் திக்நாகர் ஐந்து உறுப்பு வேண்டாம், மூன்று போதும் என்றார். மணிமேகலையும் உபநயமும் நிகமனமும் திட்டாந்தத்திலேயே அடங்கும் என்கிறது. தமிழில் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் அளவையில் (அறியும் வழிகளில்) தொடங்கி, பரபக்கம் என்ற பகுதியில் உலகாயதன் முதல் பாஞ்சராத்திரி வரை 14 தரப்பை எடுத்து வைத்து மறுக்கிறது. காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகிப்பது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்று சொல்லே போதும், மனுவை யாருக்கும் விளக்கிவிடலாம்.

விரிஞ்சை:

நம் மாவட்டத்திலேயே இரண்டு சான்று உண்டு, இரண்டும் சமத்துவம் கேட்டதற்கு இரு பக்கமும் வெட்டும்.

விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, சக 1347, அதாவது 1425–26, விஜயநகர அரசன் இரண்டாம் தேவராயன் காலம். படைவீட்டு இராச்சியத்துப் பிராமணர்களான கன்னடர், தமிழர், தெலுங்கர், இலாடர் எல்லாரும் கூடி, இனிக் கன்னிகாதானமாகவே மணம் செய்வது, பொன் வாங்கிப் பெண் கொடுத்தாலும் பொன் கொடுத்து மணந்தாலும் அரச தண்டனைக்கு உட்பட்டுச் சாதிக்குப் புறம்பாவது என்று முடிவு செய்தார்கள். இது பெண்ணுக்குப் பொன் வாங்கும் வழக்கத்துக்கு எதிரானது, இன்றைய வரதட்சணையோடு குழப்பக் கூடாது. ஒரு சாதியார் தங்களுக்குள் செய்துகொண்டது, பெண்களைக் கேட்டுச் செய்ததும் அல்ல. ஆனாலும் தீர்மானமாக அதைப் படியுங்கள்: தேதி, யார் கூடினார்கள், எது விதி, இரு தரப்பில் யார் மீறினாலும் என்ன தண்டனை. நம் தீர்மானப் புத்தகங்களில் "நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று மட்டும் இருக்கும். யார் எடுப்பது, எப்போதுக்குள் என்று இருக்காது.

இரண்டாவது, சைவ வேதாந்த அறிஞர் அப்பய்ய தீட்சிதர் (1520–1593). ஊர் ஆரணி அருகே அடையபலம், பழைய வட ஆர்க்காடுதான். வேலூர் சின்ன பொம்ம நாயக்கர் ஆதரித்தார். ஸ்ரீகண்டரின் பிரம்ம சூத்திர உரைக்கு அவர் எழுதிய விளக்கமான சிவார்க்கமணி தீபிகைக்காகக் கனகாபிஷேகம் (பொன்னால் நீராட்டு) செய்ததையும், அந்த நூல் 500 பேருக்குக் கற்பிக்கப்பட்டதையும் அடையபலம் காளகண்டேசுவரர் கோயிலின் 1582 கல்வெட்டு சொல்கிறது. அவருடைய சதுர்மத சார சங்கிரகத்தில் நான்கு பகுதி. அத்வைதம், ஸ்ரீகண்டர் மதம் (சைவ வேதாந்தம்), ராமானுஜர் மதம், மத்வர் மதம். ஒவ்வொன்றையும் அந்தந்த மதத்தாரே எழுதியதுபோல் எழுதியிருக்கிறார். சைவர் ஒருவர் வைணவ வேதாந்தத்தை அதன் முழு வலுவோடு எடுத்து வைப்பது பூர்வபக்ஷத்தின், அதாவது எதிர்த்தரப்பை முதலில் எடுத்துச் சொல்லும் முறையின், உச்சம்.

சமத்துவம்:

அதே தீட்சிதர் மத்வ தந்திர முக மர்தனம் என்று மத்வரை நேரடியாகத் தாக்கியும் எழுதியிருக்கிறாரே.

விரிஞ்சை:

எழுதினார். மறுப்பது தவறில்லை. மறுக்கும் முன் அவர்கள் தரப்பை அவர்களே ஒப்பும் விதத்தில் சொல்லத் தெரிந்திருந்தது, அதைத்தான் சொல்கிறேன். டேனரி முதலாளி தரப்பை நம் மனுவில் அப்படி எழுத முடியுமா? பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டார்கள், சவ்வூடு வடிகட்டி வைத்துக் கழிவே வெளியேறாத முறைக்கு மாறிவிட்டார்கள், இப்போது கிணற்றில் இருப்பது பழைய உப்பு, பல்லாயிரம் பேர் பிழைப்பு இதில் இருக்கிறது. இதில் "பழைய உப்பு" என்பது வலுவான வாதம். அதற்குப் பதில் இல்லாமல் போகாதீர்கள்.

உவர்நீர்:

பதில் இருக்கிறது. உள்ளே வரும் உப்பு நின்றுவிட்டால் நல்ல மழை ஆண்டுகளுக்குப் பிறகு மேலோட்டமான கிணறுகளில் குளோரைடு படிப்படியாக இறங்க வேண்டும். மே, ஜனவரி என்று இரண்டு மூன்று ஆண்டு எண்கள் இருந்தால் இறங்குகிறதா ஏறுகிறதா என்று தெரியும். பழைய அளவுகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். "நீர்மாசு பற்றிய விவரம் தருக" என்று கேட்டால் ஒன்றும் வராது. கிணற்றின் இடம், ஆண்டு, எந்தச் சோதனை என்று குறித்துக் கேளுங்கள். ஒருவேளை எண்கள் இறங்கினால் மனுவையே மாற்ற வேண்டும். அப்போது கேட்க வேண்டியது ஆலை மேல் நடவடிக்கை அல்ல, கிணறு சீரமைப்பும் மாற்றுக் குடிநீரும்.

மன்றாடி:

சபைக்குள் நடப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. நியாய சூத்திரம் மூன்று வகைப் பேச்சைப் பிரிக்கிறது. உண்மை காண்பதற்கு வாதம். வெற்றிக்காக ஜல்பம். தனக்கென்று ஒரு நிலையும் இல்லாமல் அடுத்தவரை உடைப்பது மட்டும் விதண்டை. கூட்டம் தொடங்கும்போதே பற்றாளரிடம் (கூட்டத்தைக் கவனிக்க வரும் அலுவலர்) "இது வாதம், முடிவு எழுதப்பட வேண்டும்" என்கிற நிலையை உறுதி செய்துகொள்ளுங்கள்.

தோல்வி இடங்கள் (நிக்ரகஸ்தானம்) 22. நம் சபைகளில் அடிக்கடி காண்பவை இவை. அர்த்தாந்தரம்: கிணற்றைக் கேட்டால் தெருவிளக்கைப் பற்றிப் பேசுவது. மதானுக்ஞை: "உங்க காலத்துல மட்டும் நடந்துச்சா?" என்று திருப்புவது. இப்படிக் கேட்டவர் தன் பக்கத்துக் குறையை ஒப்புக்கொண்டுவிட்டார் என்பது சூத்திரத்தின் கருத்து, அதைச் சத்தமில்லாமல் சுட்டினால் போதும். விக்ஷேபம்: "எனக்கு வேறு வேலை இருக்கிறது" என்று எழுந்து போவது. எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது அவிக்ஞாதார்த்தம். மூன்று முறை சொல்லியும் சபைக்கும் எதிராளிக்கும் விளங்காவிட்டால் தோற்றவர் பேசியவர்தான். புரியாத அலுவலக மொழியில் பதில் சொல்லும் அதிகாரிக்கு மட்டும் அல்ல, டி.டி.எஸ். குளோரைடு என்று அடுக்கும் நமக்கும் இது பொருந்தும். "இந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிப்பதும் ஒரு பிடி உப்பைக் கரைத்துக் குடிப்பதும் ஒன்று" என்ற மாதிரி மிகையாகவும் போகக் கூடாது. எண்ணைச் சொல்லி, அனுமதி அளவைப்போல் இது எத்தனை மடங்கு என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கும்.

நடைமுறை: குறைவெண் வரம்பைப் (குறைந்தது எத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்பதை) பாருங்கள். மக்கள்தொகை 500 வரை 50 பேர், 501 முதல் 3,000 வரை 100, 3,001 முதல் 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வரம்பு எட்டாத கூட்டத்தில் எவ்வளவு நல்ல தீர்மானமும் நிற்காது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்மானத்தை எழுதி, உரக்க வாசித்த பிறகு கையெழுத்து.

தீர்ப்புநகல்:

அரசாணை படிப்பவர்களுக்கு மீமாம்சையில் இருந்து ஒன்று. விதியையும் (கட்டளை) அர்த்தவாதத்தையும் பிரித்துப் பாருங்கள். "நீர்வளம் காக்கும் உயரிய நோக்கில்" என்பது அர்த்தவாதம், புகழ்ச்சி. அதை வைத்து எதையும் கேட்க முடியாது. "ஆணையிடப்படுகிறது" என்று முடியும் வாக்கியம்தான் விதி. பொது விதியும் சிறப்பு விதியும் மோதினால் சிறப்பு விதி நிற்கும். நம் தீர்மானத்தையும் இதே கண்ணோடு எழுதுங்கள், அர்த்தவாதம் ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

பாலாற்றங்கரை:

எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தியது. எண்கள் வரும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

"பக்கம்: கீழ்க்கண்ட ___ கிணறுகளின் நீர், டேனரிக் கழிவின் உப்பால் குடிக்கத் தகாததாகியுள்ளது.
ஏது: குளோரைடு லிட்டருக்கு ___ முதல் ___ மில்லிகிராம் வரை (அதிகபட்ச வரம்பு 1000), நைட்ரேட் ___ (வரம்பு 45) என்று இருப்பதாலும், கழிவு வாய்க்காலை நெருங்க நெருங்க உப்பு ஏறுவதாலும்.
திட்டாந்தம்: வாய்க்காலின் கீழ்ப்பக்கம் ___ கிணறுகளில் இவ்வாறு உள்ளது. அதே ஆழமும் பாறையும் கொண்ட மேல்பக்க ___ கிணறுகளில் இல்லை.
எதிர்த்தரப்பு: இது பழைய உப்பு என்று கூறப்படலாம். ___ முதல் ___ வரையிலான ஆண்டுகளில் அளவு குறையவில்லை.
உபநயம்: எங்கள் கிணறுகள் முதல் வகையைச் சேர்ந்தவை.
நிகமனம்: ஆகவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் 30 நாளுக்குள் இக்கிணறுகளில் மாதிரி எடுத்து, முடிவை அடுத்த கிராம சபையில் வாசிக்க வேண்டும். அதுவரை ஊராட்சி இந்தத் தெருக்களுக்கு லாரிக் குடிநீர் வழங்கும்."

உவர்நீர்:

"ஏறுவதாலும்" என்பதற்குத் தூரத்தையும் சேருங்கள்: 200 மீட்டரில் இவ்வளவு, 500-இல் இவ்வளவு, 1 கிலோமீட்டரில் இவ்வளவு. கிணற்றுச் சொந்தக்காரர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

சமத்துவம்:

கிணறுகளின் பட்டியலில் காலனிப் பக்கத்துக் கைப்பம்புகளும் இருக்கட்டும். பெரும்பாலும் வாய்க்காலுக்குப் பக்கத்தில் இருப்பவை அவைதான், பட்டியலில் விட்டுப்போவதும் அவைதான்.

பாலாற்றங்கரை:

சேர்த்துவிட்டேன். முதல் வரிசையிலேயே போட்டிருக்கிறேன்.